எஞ்சினை அணைக்காமல்

பூட்டினோம், பூட்டை இழுத்தும் பார்த்தோம், அப்புறம் என்ன, என்று ஜெசிந்தா மூன்றாவது தடவையாகத் தனக்கே சொல்லிக்கொண்டாள். சொல்லி முடித்த கையோடு மனம் மறுபடியும் வீட்டு வாசலில் போய் நின்றது. எதிரே திரையில் நோயாளியின் ரத்த அழுத்தம் தொண்ணூற்றாறு. நல்ல எண். காலை பத்தே கால் மணிக்கு, பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியின் இதய ஆபரேஷன் தியேட்டரில், அந்தக் குளிரில், நாற்பத்து மூன்று வயதுப் பெண்ணொருத்தி முக்காலியில் உட்கார்ந்து வீட்டுப் பூட்டைப் பற்றிக் கவலைப்படலாம் என்றால் அது அந்த எண் தருகிற சலுகைதான். அவள் உட்கார்ந்திருந்தது மெஷினுக்கு முன்னால். இதயத்தை நிறுத்திவைத்துச் செய்கிற ஆபரேஷன்களில் இதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் சேர்த்துச் செய்கிற மெஷின். அதை ஓட்டுவதுதான் ஜெசிந்தாவின் உத்தியோகம். பத்தொன்பது வருஷமாக ஓட்டுகிறாள். இரண்டாயிரத்துச் சொச்சம் பேருடைய ரத்தம் அவள் கண்ணெதிரே குழாயில் சுற்றிவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறது. அவர்களில் ஒருவருக்கும் அவள் பெயர் தெரியாது, அதில் அவளுக்கு வருத்தமும் கிடையாது, கண் விழித்ததும் எல்லாரும் டாக்டரைத்தான் கும்பிடுவார்கள், கும்பிடட்டும். இன்றைக்கு அவளுக்கு அந்த வேலையும் இல்லை. துடித்துக்கொண்டிருக்கும் இதயத்தின் மேலேயே தையல். டாக்டர் கோமதிநாயகம் தைக்கிற இடத்தை மட்டும் ஒரு சின்ன உலோகக் கவட்டையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, அடைபட்ட ரத்தக்குழாய்க்கு மாற்றுவழி போடுவார். மெஷின் ஓரமாக நிற்கும். தேவைப்பட்டால் கூப்பிடுவார்கள். இந்த மாதிரி நாட்களில் மெஷினைக் குறிக்கிற 'பம்ப்' என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்கக் கூடாது என்று அந்தத் தியேட்டரில் ஒரு வழக்கம். சொன்னால் அது வந்துவிடுமாம். டாக்டர் சீமைக்குப் போய்ப் படித்துவிட்டு வந்த மனுஷர், தியேட்டர் வாசலில் எலுமிச்சம்பழம் கட்டாததுதான் பாக்கி. அதனால் மெஷினுக்குப் 'பெரியம்மா' என்று பெயர் வைத்திருந்தார்கள். காலையில் உள்ளே வந்ததும் டாக்டர், "என்ன ஜெசிந்தா, பெரியம்மா சௌக்கியமா?" என்று கேட்டார். "குளிச்சு, உடுத்தி, தயாரா உக்காந்திருக்கா சார்" என்றாள். மற்ற நாட்களில் பெரியம்மாவைக் காயவைத்தே நிறுத்துவது வழக்கம், கூப்பிட்ட பிறகு திரவம் நிரப்பிக்கொள்ளலாம் என்று. இன்றைக்கு யாரும் சொல்லாமலேயே ஏழு மணிக்கு வந்து நிரப்பி, காற்றுக்குமிழி ஒன்றுகூட இல்லாமல் தட்டித் தட்டி வெளியேற்றி வைத்திருந்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது.

இன்றைக்கு மேஜையில் கிடந்த பலவேசத்தின் இதயம் அப்படிப்பட்டது, அதனால்தான். நல்ல இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடம் உள்ள ரத்தத்தில் பாதிக்கு மேல் வெளியே தள்ளும். இவருடையது கால்வாசிதான் தள்ளியது. ஆகவே காலையிலேயே தொடை வழியாகப் பெருந்தமனிக்குள் நீளமான பலூன் ஒன்றை ஏற்றியிருந்தார்கள். இதயம் ஓய்கிற நேரத்தில் பலூன் விரியும், இதயம் தள்ளுகிற நேரத்தில் சுருங்கி வழிவிடும். பாரம் தூக்குகிறவனுக்கு ஒரு கை கொடுக்கிற மாதிரி. அதன் பெட்டி அவளுக்கு இடப்பக்கம் நின்று டொக், டொக் என்று சொல்லிக்கொண்டிருந்தது. நேற்றுச் சாயங்காலம் உயரமும் எடையும் குறிக்க அவள் வார்டுக்குப் போனபோது பலவேசம் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இட்லியை ஒரு பகைவனைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயது. அம்பாசமுத்திரம் பக்கம் மினிபஸ் டிரைவர். "நீங்கதான் அந்த மெஷின் மேடமா?" என்று கேட்டார். யார் சொன்னார்களோ. "ஒண்ணு கேக்கட்டாம்மா? என் நெஞ்ச நிப்பாட்டிருவியளோ?" டாக்டர் நிப்பாட்டாமல்தான் செய்வார் என்று அவள் சொன்னாள். அவர் கேட்டபாடில்லை. "எங்க வண்டியப் பாத்தியன்னா, ஆஃப் பண்ணுனா திரும்ப ஸ்டார்ட் ஆகாது. பதினஞ்சு வருசமா அப்படித்தான். ஸ்டாண்டுல ஓடவுட்டுட்டுத்தான் டீ குடிப்பேன். மொதலாளி டீசல் போவுதுன்னு ஏசுவாரு. ஏசட்டும். ஆஃப் பண்ணுனா பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம் போச்சு. வண்டியோட மனசு டிரைவருக்குத்தான தெரியும்? என் நெஞ்சும் அந்த ரகம்தான் தாயி." அவர் மனைவி செல்லத்தாய், "சும்மா இரிங்க, அவியளுக்குத் தெரியாதா" என்று அடக்கினாள், அடக்கிவிட்டு அவளும் பதிலுக்காக ஜெசிந்தாவின் வாயையே பார்த்தாள். நிறுத்த நேர்ந்தால் நிறுத்துவோம் என்று அச்சடித்த தாளில் அவர் கையெழுத்துப் போட்டாயிற்று. அதைச் சொல்லியிருக்கலாம். அவள் சொன்னது, "நிப்பாட்ட மாட்டோம் அண்ணாச்சி, நான் இருக்கேன்ல." அந்த வாக்கைக் கொடுக்க அவள் யார்? கத்தி ஒருத்தர் கையில், மயக்கமருந்து இன்னொருத்தர் கையில். ஆனால் சொன்ன மாத்திரத்தில் அந்த மனுஷர் இட்லியைப் பிட்டு வாயில் போட்டார். பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

எண்பத்தெட்டு. கருகும் சதையின் வாடை முகமூடியைத் தாண்டி வந்து போனது. மூன்று குழாய்களில் முன்பக்கத்தது முடிந்துவிட்டது, நல்லபடியாக. அடுத்தது பின்பக்கத்தில் ஒன்று, அதற்கு இதயத்தைத் தூக்கிச் சாய்க்க வேண்டும், அதில்தான் சங்கடம். "அப்படியே தூக்குறேன், ஹசீனா மேடம், பாத்துக்கோங்க" என்றார் டாக்டர். தலைமாட்டில் மயக்கமருந்து டாக்டர் ஹசீனா, "பாத்துக்கிட்டேதான் இருக்கேன்" என்றார். எண்பத்திரண்டு. பூட்டு. பெரிய பித்தளைப் பூட்டு, மூன்று தடவை இழுத்துப் பார்ப்பது அவள் வழக்கம், புருஷன் லூர்து கேலி பண்ணுவான், கதவே கையோட வந்துரும்டி என்று. அவன் துறைமுகத்து வேலைக்கு ஆறு மணிக்கே போய்விடுகிறான், பூட்டுகிற பாவம் அவள் தலையில். இன்றைக்கும் மூன்று தடவை இழுத்தாள். அது நினைவிருக்கிறது. அப்படியிருந்தும் எதற்கு மனம் அங்கேயே போய் முட்டுகிறது? எழுபத்தெட்டு. வேறெதையாவது நினை. மதியத்துக்கு என்ன, வாளைமீன் குழம்பு, நேற்றையது, இன்றைக்கு ருசி கூடியிருக்கும். டொக், டொக். இழுத்துப் பார்க்கிற இந்தப் பழக்கம் எப்போது வந்தது என்று அவளுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்துகொள்வாள். பதினோரு வருஷம் ஆகிறது, வேறு ஊர், வேறு ஆஸ்பத்திரி, ஒரு செவ்வாய்க்கிழமை. மெஷினை ஓட ஆரம்பித்து, இரண்டு லிட்டர், மூன்று லிட்டர் என்று ஏற்றி, எல்லாம் அழகாகப் போய்க்கொண்டிருந்தபோது, நோயாளிக்குத் திரும்பிப் போகிற குழாய் நாவற்பழ நிறத்தில் இருப்பதைப் பார்த்தாள். போகிற ரத்தம் செக்கச்செவேல் என்று இருக்க வேண்டும். செயற்கை நுரையீரலுக்கு ஆக்சிஜன் போகிற குமிழைத் திறக்கவே இல்லை. திறந்தாள். குழாய் சிவந்தது. நாற்பது செகண்டு. அந்த அம்மாளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆறாம் நாள் பூ வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். யாரும் பார்க்கவில்லை, யாரும் கேட்கவில்லை. பதிவுத்தாளின் கடைசிக் கட்டத்தில், 'குறிப்பு' என்ற இடத்தில், ஜெசிந்தா 'ஒன்றுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தவறு செய்ததைவிட அந்த ஒரு சொல்தான் அவளைப் பதினோரு வருஷமாகப் பிடுங்குகிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஆபரேஷனுக்கு முன்னாலும் ஆக்சிஜன் குழாயின் முனையைக் கழற்றி, கையுறைக்கு மேலே மணிக்கட்டின் உள்பக்கம் பிடித்துப் பார்ப்பாள். அந்தத் தோலில் ஜில்லென்று காற்று பட வேண்டும். கண் ஏமாறும், தோல் ஏமாறாது. இன்றைக்கும் ஏழேகாலுக்குப் பிடித்துப் பார்த்தாள், பட்டது.

எழுபது. அறுபத்தாறு. "மேலே வரும், வரும், கொஞ்சம் பொறுங்க" என்றார் டாக்டர். டாக்டர் ஹசீனா மருந்தைக் கூட்டினார், கட்டிலைத் தலைப்பக்கம் தாழ்த்தினார். அறுபத்தொன்பதுக்கு ஏறியது, அவர் சொன்னது பலித்த மாதிரி ஒரு நிமிஷம் நின்றது, பிறகு அறுபத்திரண்டு. டாக்டருடைய விரல்கள் நின்றபாடில்லை. முடியைவிட மெல்லிய நூல், பதினோரு தையலில் நான்கு முடிந்திருந்தது. நல்ல கை. ஜெசிந்தா பார்த்த கைகளிலேயே நல்ல கை. நல்ல கைக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு, இன்னும் ஒரு தையல், இன்னும் ஒரே ஒரு தையல் என்று. ஐம்பத்தேழு. பலூன் பெட்டியின் டொக் டொக் சீராக இருந்த மட்டும் யாருக்கும் காது கேட்கவில்லை, இப்போது அது தடுக்கி விழுந்து எழுந்தது, எல்லாருக்கும் கேட்டது. சொல்லக் கூடாத சொல் ஒன்று இருக்கிறதே, அதைச் சுற்றி எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். இந்த ஆள் அங்கே கிடக்க, இதென்ன கண்ணாமூச்சி என்று அவளுக்குக் கோபம் வந்தது. டாக்டர் மேல்கூட இல்லை, பெரியம்மா பெரியம்மா என்று இத்தனை நாள் தானும் சேர்ந்து சிரித்ததன் மேல். ஐம்பத்து மூன்று. கூப்பிட்டால்தான் பேச வேண்டும் என்பது முக்காலியின் சட்டம். அவள் முக்காலியிலிருந்து எழுந்தாள். "சார், பம்ப் போட்டுருவோம்" என்றாள். தியேட்டரே அவளைத் திரும்பிப் பார்த்தது. டாக்டர் பார்க்கவில்லை. ஊசி பாதி வழியில் நின்றது. "நிரப்பணுமே, அதுக்கு நேரம்..." என்றார். "நிரப்பியே இருக்கு சார்." டாக்டர் இதயத்தை மெதுவாகக் கீழே இறக்கிவைத்து, "சரி, போடுவோம்" என்றார். குரலில் கோபமில்லை, களைப்பும் கொஞ்சம் நிம்மதியும் இருந்தன. "போடுறதுதான் போடுறோம், நிறுத்தியே தைச்சிருவோமா?" என்று கேட்டார். ஜெசிந்தாவுக்கு நெஞ்சுக்குள் இட்லி பிட்ட அந்தக் கை தெரிந்தது. "வேண்டாம் சார். அது பாட்டுக்கு ஓடட்டும். பாரத்தை நான் எடுத்துக்கிடுதேன். நிறுத்தினா இது திரும்ப எந்திரிக்குமான்னு யாருக்குத் தெரியும்?" டாக்டர் ஹசீனா தலைமாட்டிலிருந்து, "அவங்க சொல்றதுதான் சரி" என்றார்.

ரத்தம் உறையாமலிருக்க முழு அளவு மருந்து போனது. மூன்று நிமிஷம் காத்திருக்க வேண்டும். இதயத்தைக் கீழே இறக்கியதில் அழுத்தம் ஐம்பத்தெட்டுக்கு வந்து, அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் பெருந்தமனியில் ஒரு குழாயும் இதயத்தின் வலது அறையில் ஒரு குழாயும் செருகிப் பெரியம்மாவின் குழாய்களோடு இணைத்தார். ஜெசிந்தாவின் கைகள் தாமாக வேலை பார்த்தன. பயம் இருந்தது, அது கைக்கு இறங்காது, தொண்டைக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். வேலை முடிந்ததும் அதைக் கவனித்துக்கொள்ளலாம். பூட்டினேன், இழுத்தேன். சீ, இப்போதா. பூட்டினேன், இழுத்தேன், தெருமுனை வரைக்கும் போனேன், அடையாள அட்டையை மறந்தது ஞாபகம் வந்து திரும்பி வந்தேன். ஆமாம். திரும்பி வந்தேன். திறந்து, அட்டையை எடுத்து, மறுபடியும் பூட்டினேன். இரண்டாம் தடவை இழுத்துப் பார்த்தேனா? பார்க்கவில்லை. ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும் என்று ஓடினேன். இழுத்துப் பார்த்தது முதல் தடவைப் பூட்டை, விட்டுவிட்டு வந்தது இரண்டாம் தடவைப் பூட்டை. காலையிலிருந்து மனம் நச்சரித்தது இதற்குத்தானா? "அம்பத்தி நாலு" என்றார் டாக்டர் ஹசீனா. "ஜெசிந்தா, போலாம்" என்றார் டாக்டர். அவள் ஆக்சிஜன் குமிழைத் திறந்தாள். கண்ணாடிக் குழலுக்குள் அளவு காட்டுகிற சின்னக் குண்டு எழும்பி இரண்டு என்ற கோட்டில் நின்றது. போதும், கிளம்பு. பாதையை அடைத்திருந்த இடுக்கியின் மேல் கை போனது. மெஷினை நகர்த்தினோமே. எட்டரைக்குப் பலூன் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தார்கள், இடமில்லை, இவளேதான் பிரேக்கை எடுத்துவிட்டுப் பெரியம்மாவை ஒன்றரை அடி வலப்பக்கம் தள்ளினாள். மணிக்கட்டில் காற்றைப் பிடித்துப் பார்த்தது ஏழேகாலுக்கு. நகர்த்தியது எட்டரைக்கு. "போலாம்னேன்" என்றார் டாக்டர். "ஒரு நொடி சார்" என்றாள் ஜெசிந்தா. பத்தொன்பது வருஷத்தில் அவள் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. செயற்கை நுரையீரலிலிருந்து பச்சை ஆக்சிஜன் குழாயின் முனையைக் கழற்றி மணிக்கட்டில் பிடித்தாள். ஒன்றுமில்லை. குண்டு இரண்டில் நிற்கிறது, தோலில் ஒன்றுமில்லை. குழாயைக் கையாலேயே தடவிக்கொண்டு பின்பக்கம் போனாள், கம்பத்தைச் சுற்றி வந்த இடத்தில் பலூன் பெட்டியின் கைப்பிடி அதைக் கொக்கி போட்டு இழுத்திருந்தது, இணைப்பு கழன்று வாய் பிளந்து தொங்கியது. ஆக்சிஜன் அங்கே தியேட்டருக்குத் தானமாகப் போய்க்கொண்டிருந்தது. செருகினாள். திருகினாள். இழுத்துப் பார்த்தாள், ஒன்று, இரண்டு, மூன்று. முனையை மணிக்கட்டில் பிடித்தாள். ஜில்லென்று பட்டது. அழுகை வருகிற மாதிரி இருந்தது. "அம்பது" என்றார் டாக்டர் ஹசீனா, முதல் தடவையாகக் குரல் உயர்ந்தது. "கிளம்பிட்டேன் சார்" என்றாள்.

கறுத்த ரத்தம் கீழே இறங்கிப் பெட்டிக்குள் போய், சிவந்து வெளியே வந்தது. ஒரு லிட்டர். ஒன்றரை. இரண்டு. அந்தச் சிவப்பை அவள் கண் கொட்டாமல் பார்த்தாள். ஐம்பத்தெட்டு, அறுபத்து மூன்று, எழுபத்தொன்று. இரண்டரை லிட்டரில் நிறுத்திக்கொண்டாள், அதற்கு மேல் எடுத்தால் இதயம் காலியாகிவிடும், பாதியை அது சுமக்கட்டும், பாதியை நாம் சுமப்போம். திரையில் பலவேசத்தின் இதயத் துடிப்பு அதன் போக்கில் போய்க்கொண்டிருந்தது, பலூன் பெட்டி தடுக்கல் நீங்கிப் பழைய தாளத்துக்கு வந்தது. டாக்டர் இதயத்தைத் தூக்கிச் சாய்த்தார். அழுத்தம் அசையவில்லை. "அடேயப்பா" என்றார் தமக்குள், மீதி ஏழு தையலையும் அவசரமில்லாமல் போட்டார், பிறகு வலப்பக்கத்துக் குழாயையும் முடித்தார். நாற்பத்தாறு நிமிஷம். அதற்கப்புறம் ஜெசிந்தா கொஞ்சங்கொஞ்சமாகக் குறைத்தாள். இரண்டு. ஒன்றரை. மினிபஸ் மேட்டில் ஏறும்போது கூடவே உந்திக்கொண்டு போய், ஏறியதும் கையை எடுக்கிற மாதிரி. ஒன்று. அரை. அழுத்தம் எண்பத்து நான்கு. கையை எடுத்தாள். தொண்ணூறு. பெரியம்மா நின்றாள், இதயம் நிற்கவில்லை.

"ஜெசிந்தா" என்றார் டாக்டர், ரத்தக் கசிவைப் பஞ்சால் ஒற்றிக்கொண்டே. "கிளம்புறப்ப ஒரு இடத்துல நின்னீங்களே, என்னாச்சு?" சாதாரணமாகத்தான் கேட்டார். இடுக்கி இறுகிவிட்டது என்று சொல்லலாம். அவர் அதற்கு மேல் கேட்க மாட்டார். தொண்டைக்கும் வயிற்றுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த பயம் இப்போது எழுந்து வந்தது, ஆனால் வந்தபோது அது அவள் எதிர்பார்த்த அளவுக்குப் பெரிதாக இல்லை. "ஆக்சிஜன் குழாய் கழண்டு கிடந்துச்சு சார். நான்தான் மெஷினை நகட்டினேன். நகட்டிட்டுத் திரும்பப் பார்க்கலை. கடைசி நேரத்துலதான் பார்த்தேன்." டாக்டர் ஹசீனா நிமிர்ந்தார். கருவிகள் எடுத்துக் கொடுக்கிற சிஸ்டரின் கை தட்டின் மேலேயே நின்றது. ஆரம்பித்தாயிற்று, இனி எதற்கு நிறுத்த வேண்டும் என்று தோன்றியது. "இதுக்கு முன்னாலயும் ஒரு தடவை சார். வேற ஊர்ல. அப்ப ஓட ஆரம்பிச்சு நாப்பது செகண்டு கழிச்சுத்தான் பார்த்தேன். யார்கிட்டயும் சொல்லலை." டொக், டொக். டாக்டர் பஞ்சை மாற்றினார். "அதனாலதான் கையில பிடிச்சுப் பாக்குறீங்களா? நான் அது ஏதோ ஜெபம்னு நினைச்சேன்" என்றார். பிறகு, "இனிமே மெஷினை யார் நகட்டினாலும் எல்லாத்தையும் முதல்லருந்து பார்க்கணும். எழுதி அந்தச் சுவத்துல ஒட்டுங்க. உங்க பேரைப் போட்டு ஒட்டுங்க" என்றார். "போடுதேன் சார்." "அப்புறம், அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாதுன்னு ஒரு வழக்கம் இருந்துச்சே, அதையும் விட்டுருவோம்."

ஜெசிந்தா பதிவுத்தாளை மடியில் வைத்துக்கொண்டாள். நேரம், அளவு, மருந்து எல்லாம் நிரப்பினாள். 'குறிப்பு' என்ற கட்டம் எப்போதும்போல இரண்டு விரல் அகலம்தான் இருந்தது. அவள் நடந்ததை நடந்தபடி எழுதத் தொடங்கினாள், கட்டம் போதவில்லை, தாளைத் திருப்பிப் பின்பக்கத்திலும் எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். வீடு திறந்து கிடக்கலாம். கிடந்தால் கிடக்கட்டும், எதிர்வீட்டுக்கு ஒரு போன் போட்டால் போகிறது. அவள் எழுந்து, மறைப்புத் துணிக்கு இந்தப் பக்கம் மயங்கிக் கிடந்த பலவேசத்தின் தலைமாட்டுக்குப் போனாள். டாக்டர் ஹசீனா கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டார். அவள் குனிந்து, கேட்காது என்று தெரிந்தே, அந்தக் காதுக்குப் பக்கத்தில் எல்லாருக்கும் கேட்கும்படியாகவே சொன்னாள்.

"அண்ணாச்சி, வண்டிய ஆஃப் பண்ணலை."